அடுக்களைக்குள் போகாத கால்

எங்கள் வீட்டு அடுக்களைக்குள் எங்கள் கால் போகாமல் போனது ஓர் ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு. பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அடுக்களை வாசல்வரைக்கும் வந்த என் மனைவி உலகம்மாள் அங்கேயே நின்றாள், நின்றவள் நின்றபடியே இருந்தாள், "என்னட்டி அங்கனயே நிக்க?" என்று நான் சத்தம் போட்டதற்கு, "கால் போக மாட்டேங்கு" என்றாள். வாதமோ என்று பதறிப்போய் ஓடிப் பார்த்தால் அவள் கால் நன்றாகத்தான் இருந்தது, பின்னால் வந்தது, பக்கவாட்டில் போனது, இடையில் மாட்டிய என் பாதத்தை ஒரு மிதிகூட மிதித்தது, அடுக்களைக்குள் மட்டும் போகவில்லை. தள்ளு, நான் போறேன் என்று வீறாப்பாகக் காலைத் தூக்கினேன். தூக்கின கால் தூக்கினபடி நின்றது. நடுவில் சுவர் இல்லை, கண்ணாடி இல்லை, பிடித்து நிறுத்த ஒரு கை இல்லை. ஆற்றைக் கண்ட மாடு இறங்க மாட்டேன் என்று நிற்குமே, அப்படி நின்றது.

அது அடுக்களையோடு முடியவில்லை. அடுக்களையை ஒட்டின பின்னறை, அதை ஒட்டின கிணற்றடி, சாமி படம் மாட்டின மூலை எல்லாவற்றுக்கும் அதே கதைதான். மத்தியானத்துக்குள் நான் சாக்பீஸை எடுத்து, கால் எங்கெங்கே நிற்கிறதோ அங்கெல்லாம் புள்ளி வைத்து, புள்ளியைச் சேர்த்துக் கோடு இழுத்துப் பார்த்தேன். டேப்பைப் பிடித்து இந்தப் பக்கத்தை அளந்து, வீட்டுப் பத்திரத்தில் இருக்கிற மொத்த அளவோடு ஒத்தும் பார்த்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் சரிபாதி, அந்தப் பக்கம் சரிபாதி. சர்வேயர் வந்து அளந்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. டேப்பைச் சுருட்டி வைத்தேன், அந்தப் பாதி யாருடைய பாதி என்று எனக்குத் தெரியும்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் ஆவுடையப்பன். எங்கள் ஊர் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டின தகரக் கொட்டகையில் மேஜை போட்டு இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன். எழுதுகிறதைவிடப் பதில் சொல்கிறதுதான் அதிகம். அப்பா உயில் எழுதாமப் போயிட்டாரு, வீடு யாருக்கு சார்? பட்டா அண்ணன் பேர்ல இருக்கு, அப்ப எனக்கு ஒண்ணும் கிடையாதா? வாடகைக்கு இருக்கவன் காலி பண்ண மாட்டேங்கான், என்ன செய்ய? ரெண்டாம் தாரத்துப் பிள்ளைக்குப் பங்கு உண்டா? ஜீவனாம்சம் கேட்டா என்னைப் பத்தித் தப்பாப் பேசுவாவளோ? வக்கீலிடம் போகப் பயப்படுகிற சனங்கள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். பத்திரத்துக்குத்தான் கூலி, வார்த்தைக்கு இல்லை. ரைட்டர் சொன்னா சரியா இருக்கும்லா என்று என் காதுபடவே பேசிக்கொண்டு போவார்கள், நானும் அதைக் கேட்டுக் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருப்பேன், சவம்.

எனக்கு ஒரு தங்கச்சி. சங்கரவடிவு, வடிவு என்றுதான் கூப்பிடுவோம். அம்மா முன்னாலேயே போய்விட்டாள். அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டின வீட்டை உயில் எழுதாமல் விட்டுவிட்டுப் போனபோது, மிச்சம் இருந்தது நானும் அவளும்தான். சட்டம் என்ன சொல்கிறதென்று எனக்குத் தெரியாதா? சரிபாதி. வடிவை நான் கையெழுத்துக்கு வரச்சொன்ன அன்றைக்குக் காலையில்கூடக் கடையத்திலிருந்து வந்த ஓர் அம்மாவிடம், "மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்குதாம்மா, எவன் இல்லேன்னாலும் விட்டுக் குடுக்காதீங்க" என்று மேஜையைத் தட்டிச் சொல்லியிருந்தேன். அந்த மேஜைக்குப் பதினொரு மணிக்கு வடிவு வந்தாள். விடுதலைப் பத்திரம் எழுதித் தயாராக வைத்திருந்தேன். எனக்குள்ள பாத்தியதையை என் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேன், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, மனப்பூர்வமாக, என்று என் கையாலேயே அழகாக எழுதியிருந்தேன்.

அவள் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள். "அண்ணே, கல்யாணமாகிப் போன பொண்ணுக்கும் அப்பா வீட்டுல பங்கு உண்டுன்னு பேசிக்கிடுதாவளே, நெசமா?"

சுற்றிலும் ஆள் இருந்தது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அதெல்லாம் பூர்வீகச் சொத்துக்குத்தான் தாயி. இது அப்பா கட்டின வீடு. ஒனக்கு நகை போட்டு சீர் செஞ்சு அனுப்பியாச்சுல்லா, சட்டப்படி அதோட கழிஞ்சுபோச்சு" என்றேன். இப்படி ஒரு சட்டம் எந்த நாட்டிலும் இல்லை. அவள் மேஜை மேல் கிடந்த பேனாவை எடுத்தாள். அப்புறம், "கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டாள். உள்ளே சார்பதிவாளர், சம்மதந்தானாம்மா என்று கேட்டதற்கும், சம்மதந்தான் சார் என்றாள். பஸ் ஏற்றிவிடும்போது, வீடு ஒன் வீடுதான் வடிவு, எப்ப வேணா வா என்று நான் வாய் கூசாமல் சொன்னேன்.

அது நடந்து ஒன்பது வருஷம். இடையில் மாப்பிள்ளை காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளையும் இல்லை. சுரண்டையில் ஒரு வாடகை வீட்டில் துணி தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரன் மகனுக்குக் கல்யாணம், காலி பண்ணு என்று நெருக்க, அந்த ஐப்பசி புதன்கிழமை எனக்குப் போன் போட்டாள். "வேற வீடு அமையற வரைக்கும் அந்தப் பின்னறைய மட்டும் தந்தாப் போதும்ணே. மெஷினு ஒரு மூலையில, நான் ஒரு மூலையில." பின்னறையில் என்ன கிடந்தது தெரியுமா, பழைய காகித மூட்டையும் உடைந்த ஒரு நாற்காலியும். "இடமில்லையே தாயி" என்றேன். அவள், சரிண்ணே, மைனியக் கேட்டேன்னு சொல்லு என்று வைத்துவிட்டாள். மறுநாள் காலையில்தான் கால் போகவில்லை.

முதல் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு மறைத்தோம். ஆனால் பசியை எப்படி மறைப்பது? சிலிண்டர் கொண்டுவந்த மரியதாஸ் வழக்கம்போலத் தோளில் வைத்தபடி விறுவிறென்று அடுக்களைக்குள் போனான், மாட்டினான், வெளியே வந்தான், அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. உலகம்மாள் அவன் கையைப் பிடிக்காத குறையாக, "தம்பி, கோவிச்சுக்கிடாத, அப்படியே ரெண்டு டம்ளர் காப்பி போட்டுக் குடுத்துட்டுப் போயிரு" என்றாள். அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. போட்டுக்கொடுத்தான், சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பூனை கோட்டைத் தாண்டிப் போய் எங்கள் அடுக்களையில் மீன் சட்டியை உருட்டியது, நாங்கள் இரண்டு பேரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று சூ சூ என்று கத்தியதுதான் மிச்சம்.

மரியதாஸ் வாயில் எதுவும் நிற்காது. ஆனால் அவன் சொல்லித்தான் ஊருக்குத் தெரியவேண்டும் என்று இல்லாமல் போயிற்று, ஏனென்றால் அடுத்த வாரத்துக்குள் எங்கள் தெருவிலேயே பதினொரு வீடுகளில் கால் நின்றுவிட்டது. பாத்திரக்கடைக்காரர் வீட்டில் மாடி பூராவும் போயிற்று. ரிட்டயரான ஹெட்மாஸ்டர் வீட்டில் அக்கா தங்கை நான்கு பேர், ஐந்தில் நாலு பாகம் போய், அவரும் அவர் வீட்டம்மாவும் செருப்பு வைக்கிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த மனுசர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நீதி போதனை வகுப்பு எடுத்தவர். யார் வீட்டில் எவ்வளவு போயிருக்கிறது என்பதை வைத்தே யார் எவ்வளவு அமுக்கினான் என்று சின்னப்பிள்ளைக்கும் கணக்குத் தெரிந்துவிட்டதால், ஆம்பளைகள் தலையைக் குனிந்துகொண்டு தெருவில் நடந்தார்கள், குனிந்தபடியே டீக்கடைக்கும் போனார்கள், டீக்கடையில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் கிளாசைப் பார்த்துக் குடித்தார்கள்.

ஊர் என்றால் எதற்கும் பழகிவிடும். கால் போகாத வீட்டுக்காரர்கள் கால் போகிற அடுத்த வீட்டுக்காரர்களை வைத்துச் சமைத்தார்கள், அதற்குக் கைமாற்றாக இவர்கள் அவர்கள் வீட்டில் போய்ச் சமைத்தார்கள். இவள் குழம்பு அவர் வீட்டிலும் அவள் ரசம் இவர் வீட்டிலும் கொதித்தது, தெரு முழுக்க யார் வீட்டில் உப்பு எங்கே இருக்கும் என்று எல்லாருக்கும் பாடமாகிவிட்டது. கோலப்பொடியால் கோடு இழுத்து வைத்தார்கள், வெள்ளிக்கிழமையானால் அழிந்ததைத் திரும்ப இழுத்தார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்கிறதுக்கு முன்னால், வீட்டைச் சுத்திப் பாக்கலாமா என்று கேட்டு, மாப்பிள்ளையின் அப்பா எந்த இடத்தில் நிற்கிறார் என்று கவனித்தார்கள். தெருக்கோடியில் ஆப்பம் சுட்டு விற்கிற முத்துப்பேச்சியும் அவள் அண்ணனும் இருக்கிறது ஒற்றை அறை, நடுவில் சேலையைக் கட்டித் தடுத்துப் பங்கு வைத்துக்கொண்டவர்கள். அந்த வீட்டில் மட்டும் எல்லாரும் எங்கேயும் நடந்தார்கள். ஆப்பம் வாங்கப் போகிற சாக்கில் ஊரே போய் அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

பொம்பளைகள்தான் முதலில் யோசித்தார்கள். அவர்களும் யாருக்கோ தங்கச்சிதானே? உலகம்மாள் அம்பாசமுத்திரத்தில் இருக்கிற அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவளும் அவருக்கு ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்தான், அதையும் நான்தான் எழுதினேன். "அண்ணே, நல்லாருக்கியளா? ஒங்க வீட்டுல எல்லா ரூமுக்குள்ளயும் போக முடியுதா?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்கென்ன கேடு, சும்மா சுத்தி வாரோம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் அவர் மனைவி யாரையோ கூப்பிட்டு, எக்கா, கொஞ்சம் உள்ள போயி அந்தத் தண்ணிக் குடத்த எடுத்துத் தாங்களேன் என்று சொல்கிற சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. உலகம்மாள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் அந்தத் தண்ணீர் நிற்கவே இல்லை.

என் மேஜையில் கூட்டம் தாங்கவில்லை. கேள்விகளும் மாறிவிட்டன. வில்லங்கம் போட்டுப் பாத்தா இந்தக் கோடு வருமா சார்? கால் போகாத இடத்துக்கும் வீட்டு வரி கட்டணுமா? தங்கச்சி செத்துப்போயிட்டா, அவ பிள்ளைகளக் கூட்டியாந்தா கால் போகுமா? நான் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன், பங்கைத் திருப்பித் தருகிற பத்திரம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு வீடாகத் திறந்தது. அக்காவோ தங்கச்சியோ வந்து கோட்டைத் தாண்டி ஒரு நடை நடந்தால் போதும், பின்னாலேயே மற்றவர்கள் காலும் உள்ளே போயிற்று. ஹெட்மாஸ்டரின் அக்கா தங்கைகள் நாலு பேரும் ஒரே காரில் வந்திறங்கி, நாலு பேரும் ஆளுக்கொரு அறையில் ஒரு தூக்கம் போட்டு எழுந்துதான் கையெழுத்துப் போட்டார்கள். இன்னொரு வீட்டில் தங்கச்சிக்காரி ஒருத்தி வந்தாள், தன் பங்கு அறையைப் பார்த்தாள், வெளியே பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள், அதுவும் நியாயம்தான் என்று ஊர் ஒத்துக்கொண்டது.

தை பிறந்தபோது கோடு இருந்தது ஒரே வீட்டில், என் வீட்டில். ஊருக்குத்தான் உபதேசம். அத்தனை பேருக்கு எழுதினவன் எனக்கும் எழுதித்தான் வைத்திருந்தேன், பாதி வீடு என் தங்கை சங்கரவடிவுக்கு என்று. ஆனால் கொடுக்கிறவன் எழுதினால் மட்டும் போதாது, வாங்கிக்கொள்கிறவளும் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும், அதற்கு நான் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். பத்திரம் பையில் நாற்பது நாள் கிடந்தது. நாளைக்குப் போறேன் என்பேன், நாளைக்குக் கோர்ட் லீவு என்பேன், என் தொழிலுக்கும் கோர்ட்டு லீவுக்கும் என்ன சம்பந்தம்? கடைசியில் உலகம்மாள், "நீங்க போறியளா, இல்ல நான் போயி வடிவு காலுல விழவா?" என்று கேட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

சுரண்டையில் அவள் பழைய வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். விசாரித்துப் போனால், மார்க்கெட் பின்னால் ஓர் உரக்கடையின் தாழ்வாரத்தில், மூட்டைகளுக்கு நடுவில் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். படுக்கையும் அங்கேதான். சுருட்டின பாய், ஒரு தகரப் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. யூரியா நெடி மூக்கில் ஏறியது. என்னைப் பார்த்ததும் எழுந்து, மூட்டை மேல் துண்டை விரித்து, "இதுல இரிண்ணே, வேட்டியில ஒட்டிறப் போவுது" என்றாள். எனக்கு அந்த நிமிஷமே நிலம் பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்றிருந்தது.

நான் உட்காரவில்லை. "வடிவு, அன்னைக்கு நீ பங்கு உண்டான்னு கேட்டேல்லா. உண்டு. சரிபாதி உண்டு. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் இல்லேன்னேன்."

"தெரியும்ணே" என்றாள்.

"இப்ப ஊரே பேசுது, அத வச்சுச் சொல்லுதியா?"

"இல்லண்ணே. அன்னைக்கே தெரியும். பஸ்ஸ விட்டு எறங்கி ஒன்கிட்ட வாறதுக்கு முன்னால, முக்குல குடையக் கட்டி உக்காந்திருப்பாரே அருளப்பன் ரைட்டரு, அவருட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன். பாதி உண்டும்மா, ஒங்க அண்ணனே பத்திரம் எழுதுறவருதானே, அவரே முறையாச் சொல்லுவாருன்னாரு."

"அப்ப ஏன் தாயி கையெழுத்துப் போட்ட?"

அவள் மெஷினில் மாட்டியிருந்த துணியை நீவிவிட்டாள். "ஒன் மேஜையச் சுத்தி எத்தன பேரு நின்னாவ! சாரு சாருன்னு ஒன்ன எப்படி மதிச்சுப் பேசுனாவ! நீ சொல்லுறது பொய்யின்னு நான் அங்கன வச்சுச் சொல்லியிருந்தேன்னா, அதுக்கப்புறம் எவன் ஒன்கிட்டப் பத்திரம் எழுத வருவான்? வீடு போனாப் போவுது, எங்க அண்ணன் பொய்யன்னு நாலு பேரு பேசிறக்கூடாதுன்னு தோணிச்சு. போட்டுட்டேன்."

இருபத்தாறு வருஷமாக எத்தனையோ பேர் என் முன்னால் அழுதிருக்கிறார்கள், பங்கு கிடைக்காமல், வீடு போய், பெற்ற பிள்ளை துரத்தி. எல்லாரையும் தேற்றி அனுப்பியவன் நான். அந்த உர மூட்டைகளுக்கு நடுவில் நான் குலுங்கிக் குலுங்கி அழுதபோது என்னைத் தேற்றியதும் அவள்தான், எந்திரிண்ணே, கடைக்காரர் பாக்காரு என்று. நான் மதிப்போடு உட்கார்ந்திருந்த ஒன்பது வருஷமும், என் மேஜை, என் சாரு, என் குளிர்ச்சி எல்லாமே அவள் போட்ட பிச்சை. பத்திரத்தை நீட்டினேன். படித்துப் பார்த்தாள், ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து. எங்க போடணும் என்று இந்தத் தடவை கேட்கவில்லை, அவளே சரியான இடத்தில் போட்டாள். பிறகு ஆபீசுக்கும் வந்து, எல்லாம் முறையாகப் பதிவாயிற்று.

பதிவான அன்று சாயங்காலமே தையல் மெஷினோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். தெருவே வாசலில் நின்றது. வடிவு செருப்பைக் கழற்றிவிட்டு, முன்கூடமான பட்டாசலைத் தாண்டி, கோலப்பொடிக் கோட்டை மிதித்து, அடுக்களைக்குள் போய், குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மோந்து குடித்தாள். அவள் பின்னாலேயே உலகம்மாள் போனாள், போனவள் தன் காலைத் தானே பார்த்து, "ஏ ஆத்தாடி, போயிட்டேன், போயிட்டேன்!" என்று கூவினாள். தெருப் பொம்பளைகள் குலவையிட்டார்கள். நானும் காலைத் தூக்கினேன்.

போகவில்லை. இன்றுவரைக்கும் போகவில்லை. ஊர் அதற்கும் பழகிவிட்டது. எதிரே வருகிறவர்கள், ரைட்டரே, இன்னுமா என்பார்கள், இன்னும்தான் என்பேன், சரி, மழை வரும்போல இருக்கு என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். வடிவு என் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்துவிட்டாள். "நான்தான கூப்பிடுதேன், என் எடத்துக்கு நான் கூப்பிடுதேன், வாண்ணே" என்று சொல்லிச் சொல்லி இழுத்தாள். "நீ கூப்பிடுத தாயி, காலுக்குக் கூச்சமா இருக்கு" என்றேன். அதற்கப்புறம் அவள் இழுக்கவில்லை. நான் பட்டாசலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் நேரமானால், தட்டை வைத்துவிட்டு, பின்னறையில் இருக்கிற மெஷினை அடுக்களை வாசல்வரைக்கும் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து போட்டு, நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிறவரைக்கும் அங்கேயே தைத்துக்கொண்டிருக்கிறாள். நான் தட்டைவிட்டுத் தலை நிமிர்வதில்லை. "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவாண்ணே?" என்று அவள் கேட்டால் மட்டும், போதும் தாயி என்று சொல்கிறேன்.